பழைய மரச்சாமான் வாங்கி, சரிசெய்து, விற்க நினைக்கும் ஜோடிகளுக்கு

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு ஆயுசு குறைவு. போன மாதம் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மேசை இந்த மாதம் வேறு யாருடைய வீட்டிலோ இருக்கும். நாற்காலிகளும் அப்படித்தான், நாலும் நாலு ஜாதி.

நானும் என் கணவரும் பழைய மரச்சாமான்களை வாங்கி, பழுதுபார்த்து, விற்றுப் பிழைக்கிறோம். மூட்டு, பசை, பாலிஷ் என் பொறுப்பு. கணக்கு, படம் எடுப்பது, வாங்க வருகிறவர்களிடம் பேசுவது அவர் பொறுப்பு. தூக்குவது இரண்டு பேரும். "நாங்களும் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பார்த்தவரை, இதில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை, எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. தேவைக்கு மேல் வாங்கினார்கள், தேவைக்கு மேல் தேய்த்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான்.

முதலில் தரையை அளந்துகொள்ளுங்கள்

சாமான் வாங்கும் முன் வேலை செய்யப் போகிற இடத்தில் சுண்ணக்கட்டியால் மூன்று கட்டம் போடுங்கள். ஒன்று புதிதாக வந்ததற்கு, ஒன்று வேலை நடப்பதற்கு, ஒன்று முடிந்து விலைபோகக் காத்திருப்பதற்கு. முதல் கட்டம் நிறைந்துவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. கோட்டைத் தாண்டி வைக்கிற ஒவ்வொரு சாமானும் அடுத்த சாமானின் வேலையைக் கெடுக்கும். நகர்த்தி நகர்த்தியே பாதி நாள் போய்விடும், நகர்த்தும்போது புதுக் கீறலும் விழும்.

முதல் ஆறு மாதத்துக்கு முக்காலி, சிறு மேசை, நாற்காலி, புத்தக அலமாரி போதும். சோபா வேண்டாம். மெத்தைக்குள் மூட்டைப்பூச்சி இருந்தால் அது உங்கள் கட்டிலுக்கும் வந்து சேரும். சில நாடுகளில் மெத்தை வைத்த சாமானை விற்கச் சட்டமும் குறுக்கே நிற்கும். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு விதிகள் பழைய சோபாவுக்கும் பொருந்தும். ஆள் உயர அலமாரியும் இப்போதைக்கு வேண்டாம், இரண்டு பேரால் படிக்கட்டில் இறக்க முடியாது.

பார்க்கப் போகும்போது

கட்டாயம் இரண்டு பேரும் போங்கள். எனக்கு இடிந்து கிடக்கிற சாமானைப் பார்த்தால் பாவமாக இருக்கும், உடனே எடுத்துக்கொள்ளத் தோன்றும். அவருக்கு அந்த வியாதி கிடையாது. விற்கிறவர் முன்னால் சண்டை போட முடியாது என்பதால் ஒரு சைகை வைத்திருக்கிறோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் "வேண்டாம், நட" என்று அர்த்தம். அவர் துடைத்தும் நான் கேட்காமல் வாங்கிய ஒரு எழுதுமேசை இரண்டு வருடம் முதல் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

பையில் டார்ச், அளவுநாடா, திருப்புளி, சின்னக் காந்தம், பழைய துணி இருக்கட்டும். சாமானை முன்னால் நின்று ரசிக்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருப்பது அடியில் உண்மையைச் சொல்லிவிடும். நாற்காலியென்றால் முதுகைப் பிடித்துக் குறுக்காக ஆட்டுங்கள். ஆடினால் பரவாயில்லை, பசை விட்டிருக்கும், ஒட்டிவிடலாம். ஆனால் கழுந்து, அதாவது துளைக்குள் செருகுகிற முனை, உடைந்திருந்தாலோ, கால் நீளவாட்டில் பிளந்து யாரோ ஏற்கெனவே ஆணி அடித்திருந்தாலோ யோசியுங்கள். ஆணி அடித்த மூட்டைப் பிரிப்பது, உடைந்த மூட்டைப் புதிதாகச் செய்வதைவிடத் தொல்லை.

அடுத்து, மரம் முழு மரமா, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடா (வெனீர்) என்று பாருங்கள். பலகையின் மேல் ஓடுகிற ரேகை விளிம்பில் இறங்கித் தொடர்ந்தால், பலகையை அறுத்த முனையில் மர வளையத்தின் துண்டுகள் தெரிந்தால், முழு மரம். மேலே ஒரு கணு இருந்து அடியிலும் ஏறக்குறைய அதே இடத்தில் கணு இருந்தாலும் அப்படித்தான். வெனீர் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், பழைய நல்ல தச்சர்களும் வெனீர் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் தேய்ப்பதற்கு அதில் இடம் கிடையாது. இன்றைய வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டு அடியில் உப்பியிருந்தால், திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். உப்பியது மறுபடி அமுங்காது.

இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் கவனம் எடுத்துச் செய்த சாமான் என்று அர்த்தம். பற்கள் கொஞ்சம் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால் கையால் அறுத்தது. கைப்பிடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம் மட்டும். அதை அழுத்தித் துலக்கினால் முலாம் போய்விடும்.

பூச்சிக்கு ஒரு தனிப் பத்தி தேவை. குண்டூசித் தலை அளவு துளைகள் இருப்பதாலேயே பயப்பட வேண்டாம், பூச்சி என்றோ வெளியேறிப் போயிருக்கலாம். துளையின் உட்புறம் வெளிறி, பக்கத்தில் மாவுபோலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது. தூளுக்குப் பதில் கசகசா மாதிரிச் சின்னச் சின்ன மணிகள் கிடந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். சந்தேகம் இருந்தும் மனசு கேட்காமல் வாங்கினால், மற்ற சாமான்களிலிருந்து தள்ளி, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து மூன்று நாலு வாரம் வையுங்கள். காகிதத்தில் புதுத் தூள் விழுந்தால் தெரிந்துவிடும். பூச்சிக்கான போரேட் மருந்து பாலிஷ், பெயின்ட் எதுவும் பூசாத மரத்தில்தான் ஊறும், வார்னிஷ் மேல் தடவிப் பயனில்லை.

கழற்று, குறித்துவை, கழுவு

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுக்கத்தான் கை போகும். எடுக்காதீர்கள். முதலில் நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு கைப்பிடி, கீல், திருகாணிகளைக் கழற்றி, எந்த இடத்தைச் சேர்ந்தவை என்று எழுதிய சிறு டப்பாக்களில் போடுங்கள். பழைய திருகாணி அதே துளைக்குத்தான் சரியாக இருக்கும். நாலு கால் நாற்காலியைப் பிரிக்கும்போது ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்திலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கிற நாலு கால்களில் இரண்டுகூட ஒன்றாக இருக்காது.

அப்புறம் கழுவுதல். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். மெழுகும் பிசுக்கும் போகாவிட்டால் டர்பென்டைனில் நனைத்த துணி. அந்த வேலையை ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். கறுத்துக் கிடந்த ஒரு பெட்டியை முழுக்கச் சுரண்டிவிடலாம் என்று இருந்தேன். "கழுவிப் பாரேன்" என்றார். கழுவினேன். அழுக்குக்கு அடியில் தேன் நிறத்தில் பழைய பூச்சு அப்படியே இருந்தது. மெழுகு மட்டும் பூசி விற்றோம். அன்று மிச்சமான நேரத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அது ஒன்றுதான் எரிச்சல்.

பழைய பூச்சு என்னவென்று தெரிந்துகொள்ள, கண்ணுக்குப் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அதற்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ், பாலியூரித்தேன் வகை. அரக்கு என்றால் உங்களுக்கு யோகம். புது அரக்கு பழைய அரக்கைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதனோடு ஒன்றாகிவிடும், அதனால் சுரண்டாமலேயே மேலே பூசலாம்.

பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் நில்லுங்கள். அமெரிக்காவில்கூட வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978இல்தான். வயது தெரியாத பெயின்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பரவும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது பெரிய ஆபத்து. சோதனைப் பட்டை வாங்கிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் அந்தச் சாமானை விட்டுவிடுங்கள். பெயின்ட் உரிக்கும் திரவத்தில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். மூடிய அறையில் அதன் ஆவியில் உயிரே போயிருக்கிறது. அமெரிக்காவில் 2019 முதல் அதை வீட்டு உபயோகத்துக்கு விற்பதில்லை.

மூட்டு

எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆடுகிற மூட்டில் மேலேயே பசையை ஊற்றி அழுத்துவது எல்லோரும் செய்கிற தப்பு. மரத்துக்குள் ஊறினால்தான் பசை பிடிக்கும், காய்ந்த பழைய பசைமேல் புதுசு ஒட்டாது. எனவே மூட்டைப் பிரிக்க வேண்டும், பழைய பசையைக் கழுந்திலிருந்தும் துளையிலிருந்தும் சுத்தமாக எடுக்க வேண்டும். வெகு பழைய சாமானில் இருப்பது பெரும்பாலும் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. அதற்குச் சுடுதண்ணீரும் பொறுமையும் போதும், இளகிவிடும். வெள்ளைப் பசை என்றால் வெதுவெதுப்பான வினிகர் வைத்து, இளகியதை உளியால் மெல்லச் சுரண்டுங்கள். கழுந்தின் மரத்தையே சேர்த்துச் சீவிவிடாதீர்கள், மூட்டு லூசாகிவிடும். மூட்டைத் தட்டிப் பிரிக்க இரும்புச் சுத்தியல் கூடாது. கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல், அதுவும் நடுவில் ஒரு துண்டு மரம் வைத்து.

புதுப் பசை பூசும் முன் ஒருமுறை பசையில்லாமல் முழுவதையும் கோத்து, கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டுப் பாருங்கள். பசை பூசிய பிறகு கிளாம்பின் அளவு போதவில்லை என்று கண்டுபிடிப்பது கொடுமை. நான் ஒருமுறை நாற்காலியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்க, அவர் வீடு முழுக்கக் கயிறு தேடினார். அன்றிலிருந்து கயிறும் ஒரு குச்சியும் எப்போதும் பக்கத்தில் இருக்கும். கயிற்றைச் சுற்றி, நடுவில் குச்சியைச் செருகி முறுக்கினால் அதுவே நல்ல கிளாம்ப். வெள்ளைப் பசைக்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் இறுக்கம் போதும், ஆனால் 24 மணி நேரத்துக்கு யாரும் அதில் உட்காரக் கூடாது. சமதளத்தில் நாலு காலும் தரையைத் தொடுகிறதா என்று கிளாம்ப் போட்ட கையோடு பாருங்கள். மறுநாள் பார்த்துப் பயனில்லை.

எல்லா நாற்காலிக்கும் பசை தேவையென்றும் இல்லை. ஆவியில் வளைத்த மர நாற்காலிகளில் பல திருகாணியால் இணைத்தவை. அந்த வகையில் புகழ்பெற்ற தோனெட் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி, 1859இல் வந்தது, 6 மரத்துண்டு, 10 திருகாணி, 2 நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி போகும். இந்த மாதிரி நாற்காலி ஆடினால் முதலில் திருப்புளியை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மரம் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப அகலவாட்டில் விரியும், சுருங்கும். நீளத்தில் அநேகமாக மாறாது. அதனால்தான் மேசைப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டாமல், நகர இடம் விட்ட துளைகளில் திருகாணி போட்டுப் பிடித்திருப்பார்கள். "லூசாக இருக்கிறதே" என்று நினைத்து அதைப் பசை போட்டு இறுக்கினால், பருவம் மாறும்போது பலகை நடுவில் படீரென்று பிளக்கும்.

மேற்பரப்பு

பாத்திரம் வைத்த இடத்தில் விழுந்த வெள்ளை வளையம் பூச்சுக்குள் சிக்கிய ஈரம். முடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டினால் பல சமயம் மறைந்துவிடும். கறுப்பு வளையம் வேறு கதை, ஈரம் மரத்துக்குள்ளேயே இறங்கி, மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுத்தது. பூச்சை எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவி வெளுக்க வைக்கலாம். அது விஷம், கையுறை வேண்டும், பிறகு நன்றாகக் கழுவிக் காய வைக்க வேண்டும், கழுவாத மரத்தைத் தேய்த்துத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. நான் பாதிச் சமயம் கறையை அப்படியே விட்டுவிடுகிறேன். அறுபது வருடம் உழைத்த மேசையில் ஒரு வளையம் இருந்தால் என்ன?

தேய்த்தே ஆக வேண்டும் என்றால் மரத்தின் நார் ஓடும் திசையில் மட்டும் தேயுங்கள். 80, 120, 180, 220 என்று உப்புத்தாளின் எண்ணைப் படிப்படியாக ஏற்றுங்கள், நடுவில் ஒன்றைத் தாண்டினால் முதல் தாளின் கோடுகள் பாலிஷ் போட்டபின் பல்லைக் காட்டும். முகமூடி கட்டாயம். வெனீர் என்றால் மெஷின் வேண்டாம், கையால், 180க்குக் கீழே போகாமல். மெஷினால் தேய்த்து ஒரு அலமாரிக் கதவின் மூலையில் வெனீரைத் துளைத்துவிட்டேன், அரை நிமிட வேலை. அந்த அலமாரி இப்போது எங்கள் அறையில் துணி வைக்கிற அலமாரி.

பாலிஷ், அதோடு ஒரு தீ

பூச்சு எதுவானாலும் மெல்லிசாக மூன்று முறை, தடிமனாக ஒருமுறை அல்ல. ஒவ்வொன்றுக்கும் நடுவில் காய விட்டு, 320 எண் தாளால் தூசி முனைகளை மட்டும் தட்டிவிடுங்கள். தேய்க்கிற நாளும் பூசுகிற நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது, காற்றில் மிதக்கிற தூள் எல்லாம் ஈரப் பூச்சில் வந்து உட்காரும்.

ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும், கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் பற்றி எரிந்ததும், மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் இப்படித்தான். 22ஆம் மாடியில் மரப்பலகைக்கு மெருகு போட்டவர்கள் விட்டுப்போன எண்ணெய்த் துணிகள். துணியை வெளியில் ஒற்றையாக விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். எங்கள் வீட்டில் இரவு விளக்கணைக்கும் முன் "துணி?" என்று ஒருவர் கேட்பார், "விரிச்சாச்சு" என்று மற்றவர் சொல்ல வேண்டும்.

நாளும் பணமும்

இந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்புதான். பசை காயணும், பூச்சு காயணும். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு சாமான், இரண்டுக்கு மேல் இல்லை. காலையில் ஒன்றுக்குப் பசை, அது இறுகும்வரை இன்னொன்றைக் கழுவுதல், மாலையில் படமும் பதிலும். வேலை அறையில் சாப்பிடுவதில்லை. வேலை உடுப்பைப் படுக்கையறைக்குக் கொண்டுபோவதில்லை.

நோட்டு ஒன்று போடுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பக்கம்: வாங்கிய விலை, வண்டிச் செலவு, பொருள், இரண்டு பேரும் செலவழித்த மணிநேரம். மணிநேரத்தை எழுதத்தான் மனசு வராது, அதைத்தான் எழுத வேண்டும். ஒரு சாய்வு நாற்காலிக்கு நான் பிரம்பு பின்னிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம். லாபம் என்று நினைத்துக் கொண்டாடிய சாமான் அது. இருவரும் நோட்டை மூடிவிட்டுத் தேநீர் போடப் போனோம். இன்னொரு விதி: ஒரு தொகையை முன்பே பேசி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எதையும் ஒருவர் தனியாக வாங்கக் கூடாது.

விற்பது

ஜன்னல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் நின்று படம் எடுங்கள். குறையைத் தனிப் படமாகப் போடுங்கள். கீறலைப் படத்திலேயே பார்த்துவிட்டு வருகிறவர் அதைக் காட்டிப் பேரம் பேசுவது குறைவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள், வாசலின் அகலத்தை அளந்துவிட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் மறுபூச்சு போட்டிருந்தால் மறுபூச்சு என்றே எழுதுங்கள். வயது தெரியாத சாமானுக்கு நூறு வயது சூட்டாதீர்கள்.

சிலவற்றை விற்கவே கூடாது. பக்கச் சட்டம் இறங்குகிற பழைய தொட்டில் அதில் ஒன்று, குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. ஈட்டி மரச் சாமானை எல்லை தாண்டி அனுப்ப நினைத்தால் கவனம். அந்த மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்ஸ் ஒப்பந்தத்தின், அதாவது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், பட்டியலில் இருக்கிறது, தேவையான அனுமதிக் காகிதம் இல்லாமல் அனுப்பினால் சாமான் பறிபோகலாம்.

கொண்டுபோய் இறக்கும் நாளில் மிச்சத் திருகாணிகளை ஒரு உறையில் போட்டு அடிப்பலகையில் ஒட்டிவிடுங்கள். இழுப்பறை இறுகினால் மெழுகுவத்தியை ஓரத்தில் தேய்க்கச் சொல்லுங்கள். இழுப்பறை அடுக்கு உயரமாக இருந்தால், குழந்தை ஏறித் தன் மேல் சாய்த்துக்கொள்ளாதபடி சுவரோடு பிணைக்கும் பட்டையையும் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் நீங்களே மாட்டிவிட்டு வந்துவிடுங்கள், பத்து நிமிட வேலைதான்.